முதலாளித்துவமா, பொதுவுடைமையா? 1977-இன் காபித் தட்டுப்பாட்டை வைத்து ஒரு பதில்

கேள்வி இது: முதலாளித்துவத்தையும் பொதுவுடைமையையும் பொருளாதார முறைகளாக மட்டும் வைத்து ஒப்பிட்டால் எது மேல்? பொதுவுடைமை கொள்கையில் உயர்ந்தது, மனிதனின் பேராசைதான் அதைக் கெடுத்தது என்கிறார்களே, அது சரியா?

பின்பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சரியில்லை. பேராசை மாஸ்கோவிலும் இருந்தது, நியூயார்க்கிலும் இருந்தது. இரண்டு இடத்திலும் இருந்த ஒன்றைக் காட்டி ஓர் இடத்தின் தோல்வியை மட்டும் விளக்க முடியாது. ஆனாலும் இந்தப் பேராசைக் கதை இரு தரப்புக்கும் பிடித்தமானது. தன் கொள்கையில் பழுதில்லை என்று இடதுசாரிக்கு ஆறுதல். மனித இயல்பே தன் பக்கம் என்று வலதுசாரிக்குப் பெருமை. அதோடு இருவரும் யோசிப்பதை நிறுத்திக்கொள்கிறார்கள்.

கைசுத்தமான, கணக்கில் புலிகளான, இரவு பகல் பாராமல் உழைக்கிற அதிகாரிகள் மட்டுமே நிறைந்த ஒரு திட்டக் குழுவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவர்களுக்கும் ஒரு சிக்கல் தீராது. எந்தப் பொருள் எவ்வளவு அரிதாகிவிட்டது, அதற்காக மக்கள் வேறு எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியவரும்? போட்ட கணக்கு தப்பிப்போனால் அந்த நட்டம் யார் தலையில் விழும்? இரண்டு முறைகளும் பிரிவது இந்த இரண்டு கேள்விகளில்தான் என்பது என் கருத்து.

இதை நடந்த கதை ஒன்றை வைத்தே சொல்கிறேன். அதற்கு முன் சொற்களைக் கொஞ்சம் சரிசெய்துகொள்வோம். மார்க்ஸ் சொன்ன முழுமையான பொதுவுடைமைச் சமுதாயத்தில் அரசே இருக்காது. சோவியத் யூனியனோ கிழக்கு ஜெர்மனியோ அந்த நிலையை எட்டிவிட்டதாக உரிமை கொண்டாடவில்லை. அதற்கு முந்திய சோசலிசக் கட்டத்தில் இருப்பதாகவே சொல்லிக்கொண்டன. நான் ஒப்பிடப்போவது நடைமுறையில் இருந்ததை: ஆலையும் நிலமும் அரசு அல்லது கூட்டுப்பண்ணையின் கையில், உற்பத்தி மேலிருந்து வரும் திட்டப்படி, விலை அரசாணைப்படி. அதேபோல அரசே தலையிடாத தூய முதலாளித்துவமும் எந்த நாட்டிலும் இருந்ததில்லை. ஏட்டில் உள்ள ஒன்றை நாட்டில் நடந்த மற்றொன்றோடு மோதவிட்டுத் தீர்ப்புச் சொல்வது இந்த விவாதத்தின் பழைய வியாதி.

ஒப்பிட வசதியான இடம் ஜெர்மனி. ஒரே மொழி, ஒரே தொழில் மரபு, 1949-இல் இரண்டு நாடுகள்: கிழக்கில் சோசலிசம், மேற்கில் முதலாளித்துவம். துல்லியமான சோதனைக்கூடம் என்று சொல்ல மாட்டேன். போருக்குப் பின் கிழக்கிலிருந்து ஏராளமான ஆலைகளைச் சோவியத் படை பெயர்த்து எடுத்துச் சென்றது. மேற்குக்கோ அமெரிக்காவின் மார்ஷல் திட்ட நிதியுதவி கிடைத்தது. பந்தயம் ஒரே கோட்டிலிருந்து தொடங்கவில்லை. என்றாலும் இதைவிட நெருக்கமான ஒப்பீடு வரலாற்றில் அரிது.

கதைக்கு வருவோம். 1975 ஜூலையில் பிரேசிலின் பரானா மாநிலத்தில் கடும் உறைபனி விழுந்து காபித் தோட்டங்கள் கருகின. காபிச் செடி புதிதாக நட்டால் பலன் தர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதால் உலகச் சந்தையில் விலை ஏறிக்கொண்டே போனது. 1975 தொடக்கத்தில் ஒரு பவுண்டு காபிக்கொட்டை ஒரு டாலருக்கும் கீழே. 1977 ஏப்ரலில் 3 டாலருக்கு மேல்.

கிழக்கு ஜெர்மானியர்களுக்கு அப்போது காபி ஆடம்பரப் பொருள் அல்ல. ஆண்டுக்குச் சுமார் 330 கோடி மார்க் காபிக்குச் செலவழித்தார்கள். காலணிக்குச் செலவழித்ததைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் கொட்டை முழுவதும் வெளியிலிருந்து வர வேண்டும். அதற்குச் செல்லுபடியாகும் பணம் டாலரும் மேற்கு ஜெர்மன் மார்க்கும்தான். சொந்த மார்க்கை வெளியே யாரும் வாங்க மாட்டார்கள். அதுவரை ஆண்டுக்குச் சுமார் 15 கோடி மேற்கு மார்க் மதிப்பில் முடிந்துகொண்டிருந்த காபி இறக்குமதிக்கு 1977-இல் கிட்டத்தட்ட 70 கோடி தேவைப்பட்டது. எண்ணெய் விலையும் ஏறி, வெளிக்கடனும் கூடிக்கொண்டிருந்த நேரம்.

மேற்கு ஜெர்மனியில் இதே அதிர்ச்சி எப்படி இறங்கியது? கடையில் விலை ஏறியது. சிலர் குறைத்துக் குடித்தார்கள், சிலர் மலிவான ரகத்துக்கு மாறினார்கள், சிலர் முணுமுணுத்துக்கொண்டே பழைய ரகத்தையே வாங்கினார்கள். அமெரிக்காவில் இல்லத்தரசிகளும் நுகர்வோர் அமைப்புகளும் காபியைப் புறக்கணிக்கும் இயக்கமே நடத்தினார்கள். எந்த நாட்டு அமைச்சரவையும் யார் எத்தனை கோப்பை குடிக்கலாம் என்று உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை.

கிழக்கு ஜெர்மனியின் தலைநகரான கிழக்கு பெர்லினிலோ இது ஆளுங்கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோவின் கூட்டப் பொருளாயிற்று. நாட்டின் தலைவர் ஹோனெக்கரின் கட்சி 1977 கோடையில் எடுத்த முடிவு: மலிவு ரகமான 'கோஸ்டா' நிறுத்தப்படும், விலை கூடிய 'ரோண்டோ', 'மோனா' ரகங்கள் இருக்கும், கோஸ்டாவின் இடத்தில் 'காஃபே மிக்ஸ்' என்ற கலவை வரும். அதில் 51 சதவீதம் காபி. மீதி சிக்கரி, ரை தானியம், சர்க்கரை பீட்ரூட், பட்டாணி மாவு.

நம்மவர்கள் இந்த இடத்தில் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு உணவுச் சட்டத்தின் விதியும்கூட. கும்பகோணத்தில் சிக்கரி கலந்த டிகாக்‌ஷனைக் குற்றமாக யாரும் எண்ணுவதில்லை. ஆனால் நாம் சிக்கரியை விரும்பிக் கேட்டு வாங்குகிறோம், வேண்டாதவர் கலப்படமில்லாத பொடியை வாங்கிக்கொள்கிறார். அங்கே வேண்டாதவருக்கு இருந்த ஒரே வழி, கூடுதல் காசு கொடுத்து ரோண்டோவோ மோனாவோ வாங்குவது. ரோண்டோ 125 கிராம் பாக்கெட் 8.75 மார்க். சராசரி மாதச் சம்பளம் ஆயிரம் மார்க்கை ஒட்டி இருந்த காலம் அது.

போதாக்குறைக்குப் பட்டாணி மாவு வெந்நீரில் ஊதிப் பருத்து, உணவு விடுதிகளின் காபி இயந்திரங்களில் வடிகட்டியை அடைத்துக்கொண்டது. அரசுக்குப் புகார்க் கடிதங்கள் குவிந்தன. மேற்கில் புகழ்பெற்ற 'க்ரோனுங்' காபியின் பெயரைக் கேலியாகத் திருப்பி, இந்தக் கலவையை 'எரிக்கின் க்ரோனுங்' என்று மக்கள் அழைத்தார்கள். எரிக் என்பது ஹோனெக்கரின் முதற்பெயர்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். விலையைக் கொஞ்சம் ஏற்றித் தொலைத்திருக்கலாமே? கோட்பாட்டளவில் ஏற்றியிருக்கலாம். 1920-இல் ஆஸ்திரியப் பொருளாதார அறிஞர் மீசஸ், சந்தை விலை இல்லாத இடத்தில் எது சிக்கனம், எது விரயம் என்று கணக்கிடவே முடியாது என்று வாதிட்டார். 1936-இல் போலந்துக்காரர் ஆஸ்கர் லாங்கே அதற்குக் கூர்மையான மறுப்பு எழுதினார்: திட்டக் குழுவே விலை வைக்கட்டும், கடை வாசலில் வரிசை நீண்டால் விலையை ஏற்றட்டும், சரக்கு தேங்கினால் இறக்கட்டும், சந்தை செய்வதைக் குழுவும் செய்யலாம். தாளில் குறை காண முடியாத பதில். நான் படித்தவற்றில் சோசலிசத்துக்கான மிகச் சிறந்த வாதம் அதுதான்.

அது நாட்டில் என்ன ஆயிற்று என்பதற்கு லாங்கேயின் சொந்த நாட்டையே பார்க்கலாம். 1970 டிசம்பரில் போலந்து அரசு உணவுப் பொருள் விலையை ஏற்றியது. பால்டிக் கடற்கரையின் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். ராணுவம் சுட்டதில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கட்சித் தலைவர் கொமுல்கா பதவி இழந்தார். 1976 ஜூனில் மீண்டும் ஏற்றப் பார்த்தார்கள். ராடோம் நகரில் கலவரம், அறிவித்த மறுநாளே வாபஸ். அதற்கும் முன்னால், 1962-இல் சோவியத் யூனியனின் நோவோசெர்காஸ்க் நகரில் இறைச்சி, வெண்ணெய் விலையேற்றத்தை எதிர்த்து ஊர்வலம் போன தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது; இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்தச் செய்தி பல்லாண்டுகள் வெளியே வராமல் மறைக்கப்பட்டது. கிழக்கு ஜெர்மன் தலைவர்களுக்கும் 1953 ஜூன் 17-ஆம் தேதி எழுந்த தொழிலாளர் கிளர்ச்சி மறக்கவில்லை.

லாங்கேயின் மறுப்பில் விடுபட்டது இதுதான் என்று நினைக்கிறேன். சந்தையில் விலை ஏறினால் பனியைத் திட்டலாம், வியாபாரியைத் திட்டலாம். குறிப்பிட்ட ஒருவரைக் கைகாட்ட முடியாது. விலையை அரசே வைக்கும் நாட்டில் ஒவ்வொரு விலையேற்றமும் ஆள்கிறவர்கள் கையெழுத்திட்ட ஆணை. அதனால் விலை உறைந்துபோகும். உறைந்த விலை பொய் சொல்லத் தொடங்கும். கிழக்கு ஜெர்மனியில் ஒரு சிறு ரொட்டி பல பத்தாண்டுகளாக 5 ஃபென்னிக் (நூறு ஃபென்னிக் ஒரு மார்க்). கால்நடைத் தீவனத்தைவிட ரொட்டி மலிவு என்பதால் மாட்டுக்கும் முயலுக்கும் ரொட்டியையே போட்டார்கள். அப்படிச் செய்தவரைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? விலை அவருக்கு என்ன சொன்னதோ அதைத்தான் செய்தார்.

விலை பேசாத இடத்தில் இலக்குகள் பேசும். ஆலைகளுக்கு எடைக் கணக்கில் உற்பத்தி இலக்கு வைத்ததால் சரவிளக்குகள் கூரையையே இழுத்துக்கொண்டு விழும் அளவுக்குக் கனமாகச் செய்யப்படுகின்றன என்று சோவியத் தலைவர் குருஷேவே மேடையில் குறைபட்டுக்கொண்டிருக்கிறார். தொழிலாளர்கள் முட்டாள்கள் அல்ல. எதற்குப் போனஸ் கிடைக்குமோ அதைச் செய்தார்கள்.

சரி, காபி தட்டுப்பட்டால் யாருக்குக் கிடைக்கும்? மேற்கில் காசு இருப்பவருக்கு. கிழக்கில் எல்லாருக்கும் சமமாக என்று சொல்லத்தான் ஆசை, நடந்தது வேறு. மேற்கில் உறவினர் உள்ள குடும்பங்களுக்கு அஞ்சலில் பார்சல் வரும், அதில் தவறாமல் காபிப் பாக்கெட் இருக்கும். நாட்டில் குடித்த காபியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்த வழியில் வந்தது என்பது மதிப்பீடு. வெளிநாட்டுப் பணம் கையில் உள்ளவருக்கு 'இன்டர்ஷாப்' என்ற அரசின் தனிக் கடைகள் இருந்தன. கடைச் சிப்பந்தியைத் தெரிந்தவருக்கு மேசைக்கு அடியிலிருந்து சரக்கு வரும். பங்கீட்டு அளவுகோல் காசிலிருந்து தொடர்புக்கு மாறியது. காசைச் சம்பாதிக்கலாம், கடன் வாங்கலாம். மேற்கில் அத்தை இல்லாதவர் அத்தையை எங்கே போய்த் தேடுவார்? இந்த ஏற்றத்தாழ்வு எந்த வருமானப் புள்ளிவிவரத்திலும் வராது. சோசலிச நாடுகளின் சமத்துவத்தை வருமானத்தை மட்டும் வைத்து மெச்சுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

இரண்டாவது கேள்வி, நட்டம் யாருடையது என்பது. ஹங்கேரியப் பொருளாதார அறிஞர் யானோஷ் கோர்னாய் உள்ளிருந்தே பார்த்துச் சொன்னது: சோசலிச நிறுவனம் எவ்வளவு நட்டம் அடைந்தாலும் மூடப்படாது, அரசு கைகொடுத்துவிடும் என்பது அதன் மேலாளருக்குத் தெரியும்; ஆகவே மூலப்பொருள், ஆள், இயந்திரம் எல்லாவற்றையும் வாரிச் சேர்த்துப் பதுக்கி வைப்பார்; எல்லா நிறுவனமும் பதுக்கினால் நாடு முழுவதும் தட்டுப்பாடு. கிழக்கு ஜெர்மனியின் ட்ராபான்ட் கார் இதற்குப் பெயர்போன உதாரணம். 1957 முதல் 1991 வரை சுமார் 30 லட்சம் வண்டிகள்; பெயர் பதிந்துவிட்டுப் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும்; கையில் கிடைக்கும் பழைய காருக்குப் புதுக் காரைவிட விலை அதிகம். அதைத் தயாரித்த ட்ஸ்விக்காவ் ஆலையின் வடிவமைப்பாளர்கள் திறமையற்றவர்கள் அல்ல. புதிய மாதிரிகளைச் செய்து காட்டினார்கள், மேலிடம் அனுமதிக்கவில்லை. வாங்க ஆள் வரிசையில் நிற்கும்போது மாற்ற வேண்டிய அவசரம் யாருக்கு?

இதோடு நிறுத்தினால் பதில் பாதிப் பொய். அதே கிழக்கு ஜெர்மனியில் வேலையில்லாதவர் என்று ஒருவரைத் தேடிப் பிடிப்பது கடினம். வீட்டு வாடகை சம்பளத்தில் மிகச் சிறு பகுதி. குழந்தைக் காப்பகம் அநேகமாக எல்லாருக்கும் கிடைத்தது. வேலை செய்யும் வயதுப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் வேலையில் இருந்தார்கள், மேற்கில் அந்த விகிதம் வெகுவாகக் குறைவு. அதே சமயம் 1961-இல் பெர்லின் சுவர் எழும்புவதற்குள் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மேற்கே போய்விட்டார்கள் என்பதும், அதன் பிறகு போக முயன்றவர்களைச் சுட்டார்கள் என்பதும் சேர்ந்தே சொல்லப்பட வேண்டியவை. ஒரு பொருளாதார முறை தன் மக்களை உள்ளே வைத்திருக்கச் சுவர் கட்ட வேண்டியிருந்தது என்பதைவிடப் பெரிய புள்ளிவிவரம் எனக்குத் தெரியவில்லை.

இனி அதே காபியை மறுபக்கம் திருப்பிப் பார்ப்போம். பிரேசிலில் 1931-க்கும் 1944-க்கும் இடையில் அரசு அழித்த காபி சுமார் 7.8 கோடி மூட்டை. மூட்டைக்கு 60 கிலோ. எரித்தார்கள், கடலில் கொட்டினார்கள், ரயில் எஞ்சினில் எரிபொருளாகவும் போட்டார்கள். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் விலை விழுந்துவிட்டது, விலையைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்பது காரணம். அமெரிக்காவில் 1933-இல் நான்கில் ஒரு தொழிலாளிக்கு வேலை இல்லை. ஒருபுறம் எரிகிற காபி, மறுபுறம் ஒரு கோப்பை காபிக்கு வழியில்லாத மனிதன். தேவை இருந்தது, சரக்கும் இருந்தது. தேவைப்பட்டவரிடம் காசு இல்லாததால் சந்தையின் கண்ணுக்கு அந்தத் தேவை தெரியவே இல்லை. அந்த ஆண்டுகளில் சோவியத் ஐந்தாண்டுத் திட்டத்தைப் பார்த்து உலகம் முழுவதும் அறிவாளிகள் மயங்கியதில் வியப்பில்லை. உக்ரைனிலும் கஜகஸ்தானிலும் அதே 1932-33-இல் பல லட்சம் பேர் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த சிலர் சொல்லவில்லை.

முதலாளித்துவ உலகம் காபியைச் சந்தையின் கையில் விட்டுவிட்டதா என்றால், அதுவும் இல்லை. கியூபப் புரட்சிக்குப் பின் லத்தீன் அமெரிக்காவின் ஏழைக் காபி நாடுகளும் சிவந்துவிடுமோ என்ற அச்சம் வாஷிங்டனுக்கு வந்தது. 1962-இல் சர்வதேசக் காபி ஒப்பந்தம் உருவானது. ஒவ்வொரு நாடும் எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று ஒதுக்கீடு. அமெரிக்காவும் அதில் உறுப்பினர். பனிப்போரில் சந்தையைக் காப்பதாகச் சொன்ன வல்லரசே சந்தைக்குக் கடிவாளம் போட உதவியது. பனிப்போர் தணிந்த 1989-இல், ஜூலை மாதம், அந்த ஒதுக்கீட்டு முறை சரிந்தது.

இந்த இடத்தில் நம் கிழக்கு ஜெர்மானியர்கள் திரும்ப வருகிறார்கள். 1977-இன் சூட்டில் அவர்கள் முதலில் எத்தியோப்பியாவுக்குப் போனார்கள்; ஆயுதமும் லாரியும் கொடுத்துக் காபி வாங்கினார்கள். அது நீடிக்கவில்லை. பிறகு 1980-இல் வியட்நாமோடு ஓர் ஒப்பந்தம்: டாக் லாக் மேட்டு நிலத்தில் காபித் தோட்டம் விரிவாக்க இயந்திரம், லாரி, பாசன வசதி, நீர்மின் நிலையம், தொழிலாளர் குடியிருப்பு, மருத்துவமனை ஆகியவற்றைக் கிழக்கு ஜெர்மனி கொடுக்கும், பதிலுக்கு இருபது ஆண்டுகளுக்கு விளைச்சலில் பாதி. திட்டமிடலுக்குக் கற்பனை வராது என்பவர்களுக்கு இது நல்ல பதில். எந்தத் தனியார் நிறுவனமும் போரில் நொறுங்கிய வியட்நாமில் அன்று அந்தப் பணத்தைப் போட்டிருக்காது. முதல் நல்ல அறுவடை 1990-ஐ ஒட்டித்தான் வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் மேற்கோடு இணைந்து கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இல்லாமல் போனது.

அதற்குள் வியட்நாமும் மாறியிருந்தது. 1986-இல் தொடங்கிய சீர்திருத்தம் கூட்டுப்பண்ணைகளைக் கலைத்துக் குடும்பங்களுக்கு நிலத்தைப் பயிரிடும் உரிமை கொடுத்தது. நிலம் சட்டப்படி இன்றும் மக்கள் அனைவருக்கும் சொந்தம், ஆள்வது பொதுவுடைமைக் கட்சி. ஆனால் எதை நடுவது, யாருக்கு விற்பது என்பதைக் குடும்பமே முடிவுசெய்யும். மலையெங்கும் காபி நட்டார்கள். 1990-க்கும் 2000-க்கும் இடையில் உற்பத்தி சுமார் பத்து மடங்காகி, பிரேசிலுக்கு அடுத்த இடத்தை வியட்நாம் பிடித்தது. திட்டம் போட்ட அடித்தளத்தின் மேல் சந்தை கட்டிய வீடு அது. இரண்டில் எது சாதித்தது என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் இல்லை.

அந்த வீட்டின் நிழல் மற்றவர்கள் மேல் விழுந்தது. 1988-இல் பவுண்டுக்கு ஒரு டாலருக்கு மேல் இருந்த சராசரி உலக விலை 2001-இல் சுமார் 45 சென்டுக்கு இறங்கியது. நிகரகுவாவில் தோட்ட வேலை போன குடும்பங்கள் சாலையோரம் கூடாரம் போட்டுப் பட்டினி கிடந்தன. எத்தியோப்பிய விவசாயிகள் காபிச் செடியைப் பிடுங்கிவிட்டு, போதை தரும் காட் செடியை நட்டார்கள். வயநாட்டில் காபி, மிளகு விலைகள் சேர்ந்து வீழ்ந்ததில் கடனில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்ட விவசாயிகள் பலர். ஐரோப்பியக் காபிக் கடையில் ஒரு கோப்பையின் விலை அந்த அளவுக்கு இறங்கியதா? இல்லை. கொட்டை வாங்கும் பெரிய நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை; விற்கும் விவசாயிகளோ கோடிக்கணக்கில். உறைந்த விலை பொய் சொல்லும், சந்தை விலை உண்மையைச் சொல்லும் என்பது என் வாதம். யாருக்குப் பேரம் பேசும் பலம் இருக்கிறதோ அவருடைய உண்மையைச் சற்று உரக்கச் சொல்லும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, தப்புக் கணக்கின் நட்டம் சோசலிசத்தில் எல்லார் மேலும் பரவி யாருக்கும் தெரியாமல் பல பத்தாண்டுகள் தேங்கும். முதலாளித்துவத்தில் அது உடனே தெரியும், ஆனால் பெரும்பாலும் தாங்கச் சக்தியற்றவர் மேல்தான் முதலில் விழும். தேங்கிய நட்டம் உடைந்தால் எப்படி இருக்கும் என்பதைக் கிழக்கு ஜெர்மானியர்களே பார்த்தார்கள். 1990 ஜூலை 1-ஆம் தேதி மேற்கு மார்க் அங்கே புழக்கத்துக்கு வந்தது. சம்பளம் ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றப்பட்டது. மக்கள் கேட்டது அதைத்தான். ஆனால் அந்தச் சம்பளத்தில், அந்தப் பழைய இயந்திரத்தில், எந்த ஆலையும் போட்டியில் நிற்க முடியாது. பழைய வாடிக்கையாளர்களான கிழக்கு ஐரோப்பிய நாடுகளிடம் மேற்கு மார்க் கொடுத்து வாங்கப் பணமும் இல்லை. சுமார் 40 லட்சம் பேர் வேலை செய்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களை விற்கவோ மூடவோ 'ட்ராய்ஹாண்ட்' என்ற முகமை அமைக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் தொழில் உற்பத்தி பாதிக்கும் கீழே சரிந்தது. நாற்பதைத் தாண்டிய ஒரு நெசவாலைப் பெண் தொழிலாளிக்கு, சந்தை நீண்ட காலத்தில் நல்லது என்பது எந்த வகையில் ஆறுதல்? அங்கே இன்றும் நீடிக்கும் மனக்கசப்புக்கு அந்த ஆண்டுகளில்தான் வேர் இருக்கிறது.

முதலாளித்துவம் தன் விதியைத் தானே மீறும் இடமும் உண்டு. 2008-இல் பெரிய வங்கிகள் தவறாகச் சூதாடியபோது லீமன் பிரதர்ஸ் என்ற ஒரு வங்கியை விழவிட்டார்கள். மற்றவற்றைத் தாங்க அமெரிக்கா 70,000 கோடி டாலர் வரை ஒதுக்கியது. கோர்னாய் சோசலிச ஆலைகளைப் பற்றிச் சொன்ன அதே வியாதி. வயநாட்டு விவசாயிக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

எது மேல் என்பதற்கு என் தீர்ப்பு இது. அன்றாடம் வாங்கி விற்கும் லட்சக்கணக்கான பொருட்களில் எதை எவ்வளவு செய்வது என்று முடிவெடுக்க, விலையும் திவாலாகும் அச்சமும் உள்ள முறையே மேல். இதில் எனக்கு ஊசலாட்டம் இல்லை. கணினி இருந்தால் திட்டமிடல் வென்றிருக்கும் என்று இப்போது சிலர் சொல்வதும் எனக்கு உடன்பாடு இல்லை. சோவியத் யூனியனில் கணிதத்துக்குப் பஞ்சமே கிடையாது. மூலப்பொருளை உகந்த முறையில் பங்கிடும் கணிதத்தை 1939-இலேயே கண்டறிந்து 1975-இல் நோபல் பரிசு பெற்ற கான்டரோவிச் அவர்கள் நாட்டுக்காரர். கணக்குப் போடத் தெரியாததால் அவர்கள் தோற்கவில்லை. மாறினால் கொந்தளிப்பு வரும் என்று விலையை அசைக்க முடியாமல், மூடினால் கௌரவம் போகும் என்று ஆலையை மூட முடியாமல் தோற்றார்கள். கணினி அதற்கு என்ன செய்யும்?

ஆனால் மருத்துவம், பள்ளிக்கூடம், முதுமை, பஞ்ச கால உணவு, விலை சரிந்தால் சிறு விவசாயிக்குப் பிடிமானம் ஆகியவற்றைச் சந்தையின் கருணைக்கு விடுவது மடமை. இவற்றுக்கு அரசு பொறுப்பேற்பது பொதுவுடைமை ஆகிவிடாது. மேற்கு ஜெர்மனியே அதைத்தான் செய்தது.

நம் நாட்டுக் காபிக்கு இரண்டும் தெரியும். 1940-களிலிருந்து 1990-கள் வரை குடகிலும் ஏற்காட்டிலும் விளைந்த காபியை விவசாயி காபி வாரியத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும். வாரியம் ஏலம் விட்டு, பணத்தைத் தவணை தவணையாகத் தரும். கணிசமான பகுதி, டாலர் இல்லாமல் ரூபாயிலேயே நடந்த வணிகத்தில் சோவியத் யூனியனுக்குப் போனது. 1992-இல் தொடங்கிப் படிப்படியாகத் தளர்த்தி 1996-இல் விவசாயிக்கு முழு விற்பனைச் சுதந்திரம் கொடுத்தார்கள். முதல் சில ஆண்டுகள் நல்ல விலை, அடுத்து 2001-இன் வீழ்ச்சி. ஒரே தலைமுறை இரண்டையும் அனுபவித்தது. அவர்களில் பெரும்பாலோர் பழைய கட்டாயக் கொள்முதலைத் திரும்பக் கேட்கவில்லை. விலை விழும்போது தாங்கிப் பிடிக்க ஏதாவது ஓர் ஏற்பாட்டைக் கேட்டார்கள்.

நடுவே மூன்றாவது வழி உண்டா என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அதே காபி வாரியம் நடத்திவந்த காபி ஹவுஸ்களை 1950-களில் மூட முடிவெடுத்தபோது, வேலை இழந்த தொழிலாளர்களைக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே நடத்தச் சொன்னவர் பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன். இன்றும் கேரளத்திலும் வேறு சில மாநிலங்களிலும் இந்தியன் காபி ஹவுஸ் அப்படித்தான் நடக்கிறது. பரிமாறுகிறவர் சங்க உறுப்பினர், எஜமானர் என்று தனியே ஒருவர் இல்லை. உரிமை கூட்டானது, ஆனால் அரசு மானியத்தில் காலம் தள்ளவில்லை. நட்டம் வந்தால் கிளையை மூட வேண்டியதுதான். நாடு முழுவதற்கும் இந்த மாதிரி பொருந்துமா என்றால், முதலீடு அதிகம் வேண்டும் எஃகு, மின்சாரம் போன்ற தொழில்களில் இது இதுவரை பெரிதாக வளரவில்லை. உணவகம், பால், கைத்தறி போன்றவற்றில் நன்றாகவே வேலை செய்கிறது. அவர்கள் வாங்கும் கொட்டைக்கும் சந்தை விலைதான். 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அரபிகா ரகக் காபி பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியபோது, கூட்டுறவு என்பதற்காக அவர்களுக்கு யாரும் மலிவாகத் தந்துவிடவில்லை.